மஞ்சள் அங்கி

2008 பிப்ரவரி 6, புதன். சிதம்பரம்.

காலையில் பனி. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்னபின் முதல் நாள். வலது கண்ணில் புரை எடுத்ததும் உலகமே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. வேட்டிக்கு நீலம் அதிகம் என்று மருமகள் கலாவிடம் சொன்னேன்.

"நீலமே போடல மாமா. வெள்ளையே அதான்."

மனத்துக்குள் டாக்டருக்கு நன்றி சொன்னேன். நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை: சொட்டு மருந்து. குனிந்து வேலை கூடாது. தூரிகைகளைக் கழுவுவது.

மாலை. தூரிகை எடுக்கப் போன இடத்தில் வண்ணம் கலக்கும் பலகை. அதில் காய்ந்துபோன மஞ்சள், மஞ்சள் அரைத்த அம்மிபோல. யார் இதில் மஞ்சள் கரைத்தது என்று கேட்டேன். கலா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது நான் வெள்ளை கலந்த இடம்.

7, வியாழன்.

தூக்கம் சரியில்லை. குழம்பாமல் இருக்க எழுதிப் பார்க்கிறேன்.

படம்: மூசியஸ் என்ற ரோமானிய இளைஞன். பகை அரசனைக் கொல்லப் போய்ப் பிடிபட்டவன். அஞ்சாதவன் என்று காட்ட வலது கையை நெருப்பில் நீட்டுகிறான். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியம். புத்தகத்தில் இருந்த அச்சுப்படத்தில் சின்னக் கட்டம், கித்தானில் பெரிய கட்டம் போட்டு, எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுத்தேன். சுற்றி நிற்பவர்களுக்கு வெள்ளை அங்கி. பழைய ஓவியத்தின் பழுப்பு வரட்டும் என்று வெள்ளையில் துளி மஞ்சள் கலந்தேன். தெரியவில்லை. மேலும் கலந்தேன். அப்போதும் தெரியவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சள்.

படம் இப்போது கடலூரில். விமலா, என்னிடம் சரித்திரம் படித்தவர், அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. பள்ளி மண்டபத்துக்குக் கேட்டு வாங்கினார். என் படத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்தாயிற்று. அடுத்த வெள்ளி ஆண்டு விழாவில் திறப்பு. வெளியாட்கள் வருவார்கள். என்னால் அவருக்குத் தலைக்குனிவு.

மத்தியானம் என் மனைவி ராஜியின் அண்ணன் கோவிந்தன் வந்தார். அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஆமா மச்சான், எல்லாருக்கும் தெரியும். நடுவுல நெருப்பு, சுத்தி மஞ்ச வேட்டி. ரோமாபுரியிலயும் தீமிதி உண்டு போலன்னு நெனச்சுக்கிட்டேன். காப்பு ஒண்ணுதான் கட்டல நீங்க."

"சும்மா இருண்ணே," என்றாள் ராஜி. பிறகு என்னிடம், "நாந்தான் யாரும் சொல்லக் கூடாதுன்னேன். சொல்லியிருந்தா படத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு, ஆபரேஷனும் வேணாம்னு உக்காந்திருப்பீங்க."

உண்மை. அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். கோபப்பட முயன்றேன், வரவில்லை. கலாகூட வாயை அடக்கியிருக்கிறாள். அவளுக்கு அது லேசான காரியம் இல்லை.

8, வெள்ளி.

வெயில். விமலாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். கொடுத்த பொருளைத் திருத்தித் தருகிறேன் என்று எப்படிக் கேட்பது? சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதினேன். மறுபடி அடித்தேன், மறுபடி வைத்தேன்.

சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு ஸ்கூல் லீவு. நான் இருப்பேன். வாங்களேன்."

காரணம் கேட்கவில்லை. எழுதிய தாள் கையிலேயே இருந்தது. படிக்கவில்லை.

பையில்: வெள்ளை ட்யூப், தூரிகை (சிறிது, நடுத்தரம்), டர்பன்டைன், பழைய துணி, சொட்டு மருந்து. தயிர்சாதம் காலையில் கட்டித் தருவதாக ராஜி சொன்னாள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அதுவே பெரிது.

9, சனி. கடலூர்.

பஸ்ஸில் ஜன்னலோரம். புதுச்சத்திரம் தாண்டி வயல். இவ்வளவு பச்சையா! பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

பள்ளி மண்டபச் சுவரில் ஆணி மட்டும். படம் இல்லை. எடுத்து எறிந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

விமலா தன் அறையைத் திறந்தார். பெஞ்சின் மேல் படம், போர்வை போர்த்தி.

"ஆணி அடிச்சதோட சரி சார். நீங்க வந்தப்புறம் மாட்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

"வருவேன்னு எப்படித் தெரியும்?"

"படம் கொண்டாந்த அன்னிக்கு, சுவத்துக்கு ஏம்மா மஞ்சள் அடிச்சிருக்கீங்கன்னு கேட்டீங்க. வெள்ளை அடிச்சு ஒரு வாரம்கூட ஆகல சார் அப்ப."

அன்று அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கவனித்திருப்பேன், நான் அப்படிப்பட்டவன்.

போர்வையை விலக்கினேன். கோவிந்தன் சொன்னது சரி, தீமிதியேதான். முதலில் நான் சிரித்தேன். பிறகுதான் அவர்.

மாலை வரை வேலை. நிமிர்ந்து நிற்க வசதியாக விமலா படத்தை மேஜைமேல் ஏற்றி வைத்தார். மெல்லிய பூச்சு, விழாவுக்குள் காய்ந்துவிடும். அங்கிகள் எல்லாம் வெள்ளை. அரசனுக்குப் பின்னால் நிற்பவர் மட்டும் சற்றுப் பழுப்பு. அவர் நிழலில் நிற்கிறார், இருக்கட்டும்.

"அந்தக் கைய மட்டும் தொட்டுடாதீங்க சார்," என்றார் விமலா.

தள்ளி நின்று பார்த்தேன். நெருப்பின்மேல் நீட்டிய கை, மடங்காத விரல்கள். நான் வரைந்ததை இன்றுதான் பார்க்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. சரிதானா என்று யாரையும் கேட்கவில்லை.