சிலோன் என்று பேர் வைத்த எஞ்சின்

1985 ஒக்டோபர் 8, செவ்வாய். இக்காஸ்ட், டென்மார்க்.

குசினி யன்னலை இவர் இன்றைக்கும் அகலத் திறந்துவிட்டார். வெளியில் மழையும் காற்றும். ஈயம் பற்றவைக்கிற மணம் இவருக்குத் தொண்டையைக் கரகரக்க வைக்கிறதாம். மீன் பொரிக்கிறபோது அந்தத் தொண்டைக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஸ்வெற்றரை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். நான் கட்டுகிற மாதிரி ரயிலின், ஜூபிலி வகுப்பு எஞ்சினின், கொதிகலன் நேர்க்குழாய் இல்லை. முன்னுக்கு ஒடுங்கிப் பின்னுக்குப் பருத்தது. நேராக இருந்தால் பித்தளைத் தகட்டை ஒரு பென்சிலில் உருட்டிவிடலாம். இதை மூன்றாம் தரம் கழற்றிச் சேர்க்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், உயிரை எடுக்கிறது.

பகலெல்லாம் தொழிற்சாலையில் பெனியன்களுக்குக் கழுத்து வைத்துத் தைக்கிறேன். கழுத்து கோணினாலும் யாரும் கேட்பதில்லை, பெட்டிக்குள் போய்விடும். கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தின் வரைபட அறையில் எஞ்சின் படங்களைத் துணித்தாளில் மையால் பிரதி எடுத்த கை இது. கலியாணத்துக்கு முன்னும் பின்னும் அதே கதிரைதான். மயிரிழை பிசகினால் முழுத்தாளும் குப்பை. இங்கே அதைச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

விளங்கினது ஸ்வென்டுக்கு மட்டும். எங்கள் தையல் மெஷின்களைத் திருத்துகிறவர். தேத்தண்ணி நேரத்தில் நான் வெட்டுத்தாளில் ஒரு எஞ்சின் சில்லைக் கீறிக்கொண்டிருந்ததைக் கண்டுதான் தன்னுடைய மாதிரி ரயில் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒக்டோபர் 10, வியாழன்

கழக நாள். பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறை, ஒரு கும்பல் டெனிஷ் ஆண்கள், நான் ஒருத்தி. அறை நிறைய இங்கிலாந்தின் கார்லைல் ரயில் நிலையத்தைச் சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் ஏன் கார்லைல்? தலைவர் பொவுல் வாலிபத்தில் அங்கே இருந்தவராம். அவ்வளவுதான் காரணம்.

அங்கே எப்போதும் 1937 ஓகஸ்ட். அரசாங்கம் ரயில் கம்பனிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்க முன்னிருந்த காலம். எல்.எம்.எஸ். கம்பனியின் எஞ்சின்களுக்கு முதல் மரியாதை. அந்த வருஷத்தில் ஓடாத எதையும் தண்டவாளத்தில் வைக்க விடமாட்டார்கள். ஆளுக்கொரு வகுப்பு. பொவுலுக்கு ரோயல் ஸ்கொட். ஸ்வென்டுக்கு நாலு எஃப் என்கிற கறுத்தச் சாமான் வண்டி எஞ்சின். வருஷத்தில் ஒரு நாள் கண்காட்சி, அன்றைக்கு அவரவர் கட்டினதை அவரவர் ஓட்டுவார்கள்.

எனக்கு ஜூபிலி. நானே கேட்டு எடுத்தது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

ஹேர்னிங்கில் மண்டபம் எடுத்துச் சரஸ்வதி பூசை. கைகழுவுகிற இடத்தில் அருமைநாயகி யாருக்கோ சொல்கிறாள், நான் பின்னால் நிற்பது தெரியாமல். அல்லது தெரிந்துதானோ?

"ஞானேஸ்வரி அக்கா வெள்ளையளோட சேந்து பொம்மை ரயில் விடுறாவாம். பிள்ளை இல்லாத மனுசி, பாவம், வேற என்ன செய்யிறது."

பாவமாம்.

என் வாயில் சுண்டல். விழுங்கி முடிக்க அவள் போய்விட்டாள். இப்போது எழுதுகிறபோது நல்ல நல்ல பதிலாக வருகிறது. என்ன பிரயோசனம்? பிள்ளை இருந்திருந்தாலும் இந்த எஞ்சினைக் கட்டியிருப்பேன். பிள்ளையைத் தொட விட்டிருக்க மாட்டேன்.

வருகிற வழியில் இவரிடம் சொன்னேன். "சனம் கதைக்கத்தான் செய்யும். நீர் இடம் குடுக்கிறீர்" என்றார். கார்க் கதவை அடித்துச் சாத்தினேன். கார் இரவல், தவராஜாவுடையது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதாவிட்டால் நித்திரை வராது.

எஞ்சின் கட்டுகிற துண்டுகள் வந்த பெட்டிக்குள்ளே பேர்த்தகடுகளும் இருந்தன. ஒரே தாளில் வரிசையாய்ப் பித்தளைப் பேர்கள், அரிசி நீளம். ஜூபிலி வகுப்பின் பாதிக்கு மேல் பேர்கள் வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்த நாடுகளும் அவனுடைய கப்பல்காரரும்தான். 5603 சொலமன் தீவுகள். 5604 சிலோன். 5605 சைப்பிரஸ். நான் 5604ஐ வெட்டி எடுத்தேன். ஓர் எஞ்சினுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.

இவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன பேர் அது?"

"வாசிக்கத் தெரியுந்தானே."

"எங்கட வீட்டை எரிச்ச நாட்டின்ர பேரை என்ர மேசையில வைக்காதையும்."

"மேசை கொம்யூன் தந்தது" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொல்லிவிட்டேன், உண்மையும் அதுதான், அகதியாய் வந்த எங்களுக்கு வீட்டுச் சாமான் எல்லாம் இந்த ஊர் நகரசபைதான் தந்தது. அறைக்குள் போனவர் சாப்பிட வரவில்லை.

அவர் பக்கம் எனக்குத் தெரியாதா? எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெகிவளை வீடு எரிந்தபோது பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் நானும்தான் குந்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த நாட்டின் பேரே அவர் வாயில் வருவதில்லை. டெனிஷ் வகுப்பில் முதல் பாடமே 'எங்கேயிருந்து வருகிறேன்' என்று சொல்வது. எல்லாரும் 'யாய் கொமர் ஃப்ரா' என்று தொடங்கி ஒரு நாட்டைச் சொல்கிறார்கள். இவர் 'யாய் கொமர் ஃப்ரா யாழ்ப்பாணம்' என்பார். ரீச்சர் சுவரிலிருக்கிற உலகப்படத்தில் தேடுவா. தேடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஆனால் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வரைபட அறை அலுமாரியில் எல்.எம்.எஸ். எஞ்சின் வகுப்புகளின் பழைய புத்தகம் ஒன்று கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் '5604 சிலோன்' என்ற வரியைக் கண்டேன். எங்கள் பேரில் ஒன்று சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டு, மூன்று சிலிண்டரோடு, பனிக்குள்ளே ஓடித் திரிந்திருக்கிறது. அன்று முழுக்கச் சந்தோஷம். யாரோ ஒரு துரை யாரையும் கேளாமல் வைத்த பேர்தான், தெரியும். அந்தச் சந்தோஷம் என்னுடையது. வீட்டை எரித்தார்கள், என் பேனைப்பெட்டியை எரித்தார்கள். இதையும் கொடுக்க மாட்டேன். எரித்தவனுக்கும் கொடுக்க மாட்டேன், இவருக்கும் கொடுக்க மாட்டேன்.

நவம்பர் 18

இவர் இன்றைக்கு யன்னலும் திறக்கவில்லை. மணத்தோடு இருக்கிறார்.

டிசம்பர் 15, ஞாயிறு

சிவப்புப் பூசி முடிந்தது. இரண்டு பக்கமும் தகடு ஒட்டியாயிற்று. இவர் அதைத் தாண்டிச் சீனிப்போத்தலை எடுக்கிறார், அங்கே ஒன்றுமே இல்லாததுபோல. 'அந்தச் சாமான்' என்றுதான் சொல்கிறார். "அந்தச் சாமானைக் கொஞ்சம் அரக்கும், சோறு போட."

1986 ஜனவரி 11, சனி

ஓடினது! கார்லைலைச் சுற்றி முழுச் சுற்று, ஆறு பெட்டியோடு. ஸ்வென்ட் தொப்பியைக் கழற்றினார். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. இவர் இருக்கிறார், சொல்ல ஆள் இல்லை.

பெப்ரவரி 13, வியாழன்

கோட்டை இன்னும் கழற்றவில்லை. குளிரினால் இல்லை.

கண்காட்சிக்கு யார் எப்போது ஓட்டுவது என்று பேசினோம். எல்லாருடைய பேரும் வந்தது. ஜூபிலிக்கு வந்ததும் பொவுல், "அதை நான் ஓட்டுகிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில், மிக அன்பாக: "ஞானா, உங்களுக்கு இன்னும் முக்கியமான வேலை இருக்கிறது." பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்களாம். நான் சேலை கட்டிக்கொண்டு சிலோன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குச் சிலோன் தேநீர் ஊற்ற வேண்டுமாம். எவ்வளவு அழகாக இருக்கும்!

நான் எதிர்த்துக் கேட்டேன். எஞ்சினை ஓட்டத் திருகுகிற மின்பெட்டி கண்காட்சியன்று அங்கத்தவர்களுக்குத்தானாம். நான் விருந்தாளியாம். ஐந்து மாதம் வியாழன் தவறாமல் போய், அவர்களுடைய கைகாட்டி மரங்கள் அத்தனையும் திருத்திக் கொடுத்த விருந்தாளி.

சிரித்த முகத்தோடு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நகத்தைக் கொடுத்து இடப்பக்கத் தகட்டைக் கிளப்பி எடுத்தேன். ஒரு துண்டு சிவப்பும் சேர்ந்து வந்தது. "இந்தப் பேருக்குத்தானே தேத்தண்ணி? இந்தா, பேரை நீ வைச்சுக்கொள். எஞ்சின் என்ர." தமிழில்தான் சொன்னேன். எறிந்தேன். எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இவர். பனி கொட்டி பஸ் ஓடவில்லையென்று என்னைக் கூட்டிப்போக நடந்து வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ, எல்லாம் கேட்டிருக்கிறார். கொழும்புக் கச்சேரியில், அரசாங்க வேலையில், ஆங்கிலத்தில் கோவைகள் எழுதின மனுசன், விளங்காமல் போகுமா?

எஞ்சினைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார், பிறகு பையைத் தானே வாங்கினார்.

பாதி வழியில், பனிக்குள்ளே நின்று சொன்னார்: "அவன் ஆர், உம்மட எஞ்சினை ஓட்ட?"

உம்மட எஞ்சின். சாமான் இல்லை.

"நாளைக்கு மருந்து எழுதுற டொக்டரைப் பிடிச்சு, ஐயா நீங்கள் அழகா இருக்கிறியள், வாசலில நிண்டு பூக் குடுங்கோ எண்டுவினமோ? சேலையாம்." வீடு வருமட்டும் ஏசினார். நானும் ஏசினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் ஒரே ஆளை ஏசினது இன்றைக்குத்தான்.

பெப்ரவரி 20, வியாழன்

போகவில்லை. இனியும் போகப் போவதில்லை. எஞ்சின் அலுமாரிக்கு மேலே. ஒரு பக்கம் பேர், ஒரு பக்கம் வடு.

மார்ச் 2, ஞாயிறு

ஸ்வென்ட் கேக்கோடு வந்தார். நிலைப்படியில் நின்று சப்பாத்தைக் கழற்றக் கால் மணித்தியாலம் எடுத்தார்.

கழகத்தில் பெரிய சண்டை நடந்ததாம். அவர் தன்னுடைய நாலு எஃப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றாராம். இப்போது என்னை அங்கத்தவராக எடுத்துவிட்டார்கள். என் எஞ்சினை நானே ஓட்டலாம். பொவுலும் சம்மதம்.

"ஆனால்" என்றார். எனக்கு அந்த 'ஆனால்' வரும் என்று தெரியும். பத்திரிகையில் அறிவித்தல் போய்விட்டதாம், சிலோன் தேநீர் என்று. சனம் கேட்டு வரும். எனக்குத் தெரிந்த பெண்கள் யாராவது—

"இல்லை" என்றேன். "எனக்குத் தெரிந்த பெண்கள் ஒருவரும் வர மாட்டார்கள்." கேக்கை நான் தொடவில்லை.

அப்போது இவர் அறைக்குள்ளிருந்து வந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார், கந்தோருக்குப் போகிறவர் மாதிரி. ஸ்வென்டுக்கு முன்னால் நேராக நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற குரலில்,

"யாய் கொமர் ஃப்ரா" என்றார். நின்றார். தொண்டையைச் செருமினார். "சிலோன். தேத்தண்ணி நான் ஊத்துறன்."

பின்பாதி தமிழில். ஸ்வென்டுக்கு அது விளங்கியிருக்கிறது, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தீர்கள் இந்த வாயை? கேக் வெட்டினேன்.

மார்ச் 15, சனி

கண்காட்சி.

இவருக்குப் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சேர்ட், வேட்டிக்குள்ளே நீளக் கம்பளிக் காற்சட்டை. பத்திரிகைக்காரன் சிலோன் பெண்ணைத் தேடினான். இவரைக் காட்டினார்கள். படம் எடுக்க முன் சிரிக்கச் சொன்னான். சிரிக்கவில்லை. தேத்தண்ணி நல்ல சாயம், சீனி அதிகம். வீட்டிலும் அப்படித்தான் போடுவார், வருஷத்துக்கு ஒருக்கால்.

அருமைநாயகி குடும்பத்தோடு வந்திருந்தாள். வேடிக்கை பார்க்கத்தான். மேசையில் இவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணை, நீங்களோ?"

"ஓம். சீனி எத்தினை கரண்டி, தங்கச்சி?"

நான் ஓட்டினேன். பேர் உள்ள பக்கம் சனத்துக்கு, வடு எனக்கு. ஓட்டுகிறவர்கள் பின்பக்கம்தானே நிற்க வேண்டும். இரண்டாம் சுற்றில் வளைவில் ஒருதரம் திக்கி நின்றது. பொவுலின் கை நீண்டது. "நை" என்றேன், வேண்டாம் என்று. டெனிஷில் எனக்கு நன்றாக வருகிற சொல் அதுதான். கையை எடுத்தார். நான் மெல்லத் திருகினேன். போனது.

வடுவைக் காட்டி பொவுல் கேட்டார், "முப்பத்தேழில் இரண்டு பக்கமும் பேர் இருக்க வேண்டுமே?" கேட்காமல் இருக்க முடியாது அவரால். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய். தேடவேயில்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் குசினிக்குள் போனால் பசை மணம். யன்னல் பூட்டியிருந்தது.

எஞ்சின் மேசையில். இடப்பக்கத்தில் தகடு திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்குச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் இதைத்தான் பொறுக்கியிருக்கிறார். ஒரு மாதமாக எந்தச் சட்டைப்பையில் வைத்திருந்தாரோ.

கோணல். பின்பக்கம் நன்றாய் இறங்கி நிற்கிறது. பசை வெளியே வழிந்து சிவப்பில் திட்டுத் திட்டாய்க் காய்ந்திருக்கிறது. இரத்மலானையில் என்றால் முழுத்தாளும் குப்பை.

கழற்றி நேராக ஒட்டுவோம் என்று கத்தியை எடுத்தேன். இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு தாளைத் திருப்பாமல் இருந்தார்.

அந்தக் கத்தியால் காலைச் சாப்பாட்டுப் பாணை வெட்டினேன். இவருக்கு இரண்டு துண்டு, எனக்கு இரண்டு துண்டு.