கிளிக்குஞ்சுகள் சாகிற காரணம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது குஞ்சும் போய்விட்டது. நேற்று மாலை வரை கழுத்தை நீட்டி நீட்டித் தீனி கேட்டது. காலையில் பெட்டிக்குள் கால் விறைத்துக் கிடந்தது. தொண்டைப் பை மட்டும் உப்பலாகவே இருந்தது. தின்றது எதுவும் கீழே இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கன்னத்தில் கிராம்பை ஒதுக்கியபடி, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்றால் சும்மா இருப்பாரா? மாடி அறை முழுக்கக் கூண்டு. சன் கானூராம், வெளிநாட்டுக் கிளியாம். உடம்பெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும். கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும். ஐந்து வருஷமாக ஒரு குஞ்சுகூடத் தவறியதில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இப்போது வரிசையாக மூன்று.

"நேத்து கடையில என்ன வேலை உனக்கு?" என்று கேட்டார்.

கல்யாணமானதிலிருந்து டிரை கிளீனிங் கடையில்தான் இருக்கிறேன், ஒரு நாளும் கேட்காத கேள்வி. கோட்டு சூட்டு நிறைய வந்தது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. என் மேல் வீசுகிற கடை மருந்து நெடியை மனசில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

மார்ச் 5

கீழேயே குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் மாடி ஏறினேன். திருட்டுப் பூனை மாதிரி, என் வீட்டுக்குள் நானே.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை. கூண்டுக்குப் புதிதாக அடித்த பெயிண்டா? தரை துடைக்கிற ஃபினாயிலா? ஜன்னல் வழியாக வந்த பனியா? நான்தானா? பறவைகளுக்கு நுரையீரல் பூ மாதிரி, கொஞ்சம் நெடி பட்டால் போதும் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் தாய்க்கிளி ஏன் கல்லுக்குண்டாக இருக்கிறது? அது என் தோளில்கூட வந்து உட்காருமே.

இன்னொன்றும் உறுத்துகிறது. போன மாதம் தலைவலி தாங்காமல், "இந்தச் சனியனெல்லாம் எப்பத்தான் ஒழியுமோ"ன்னு கத்தினேன். வாய் வார்த்தைதான். அதுக்கெல்லாமா செத்துப்போகும்? சே, என்ன பைத்தியக்கார யோசனை.

மகள் போனில், "செத்ததை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றாள். அவரிடம் சொன்னேன். "செத்த பிறகும் அதைப் போட்டுக் கூறு போடணுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

நான்காவதும்.

இந்த வாரம் முழுக்க நான் லீவு. கடை இருக்கிற தெருப் பக்கமே போகவில்லை. அதைச் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல், "இத்தனை வருஷம் உடம்புல ஊறினது ஒரு வாரத்துல போயிடுமா?" என்றார்.

உடம்புல ஊறினதாம். அந்த ஊறின உடம்புதான் இத்தனை வருஷமா உங்களுக்குச் சோறு போட்டுதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

குஞ்சைப் புதைக்கக் கொடுத்தார். புதைக்கவில்லை. டிபன் பாக்ஸில் போட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்சம் குளிர வைத்து, பஸ் பிடித்துப் பறவை டாக்டரிடம் கொண்டுபோனேன். என்ன கறி என்று கேட்காத குறையாகப் பக்கத்து சீட்டுக்காரர் பாக்ஸையே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா நாளை மறுநாள் வரச் சொன்னார்.

மார்ச் 15, சனி

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

"நெடி எல்லாம் இல்லம்மா. நுரையீரல் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. அப்பாடா என்று உட்காரக்கூட இல்லை, அடுத்த கேள்வி வந்தது. "யாராவது வாயால ஊட்டுறீங்களா?"

தொண்டைப் பை முழுக்கக் கிருமியாம். மனுஷ வாயில் இருக்கிற கிருமி. நமக்கு ஒன்றும் செய்யாது, கிளிக்குஞ்சுக்கு விஷம். "ஊட்டுறவங்களுக்குப் பல்லு கில்லு கெட்டுப் போயிருக்கா?" என்றும் கேட்டார்.

அவர் வாயால்தான் ஊட்டுகிறார். முதல் குஞ்சிலிருந்தே அப்படித்தான். மாவைக் குழைத்து வாயில் வைத்து, சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்து, குஞ்சின் அலகை உதட்டுக்கு நடுவில் வாங்கிக்கொள்வார். "சிரிஞ்சுல ஊட்டுனா அது மெஷின். வாயில ஊட்டுனாத்தான் நம்மள அம்மா அப்பான்னு நினைக்கும்" என்பார். ஐந்து வருஷம் தப்பியது அதிர்ஷ்டம். இந்த வருஷம் அந்தக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, சீழ் வைத்து, கிராம்பிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். பதினாறு மாடி உயரத்தில் கம்பியில் தொங்கினவருக்குப் பல் டாக்டர் நாற்காலி என்றால் குலை நடுக்கம்.

இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

மார்ச் 18, செவ்வாய்

சொல்லப் போனேன். காலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தார். அவர் அம்மா போனபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டாக்டர்கிட்ட காட்டினேங்க. கடை மருந்துதானாம். என்னாலதான்."

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வரவில்லை.

அவர் என் தலையைத் தடவினார். "எனக்கு அப்பவே தெரியும். விடு, தெரிஞ்சா செஞ்சே? கடைய மட்டும் விட்டுடு."

என்னை மன்னிச்சுட்டாராம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. பொய் சொன்னதும் நான், நம்பினதுக்குக் கோபப்படறதும் நான். என்ன பொம்பளையோ நான். ஆனால் எவ்வளவு சுலபமா நம்பிட்டார்.

மார்ச் 22

கடைக்காரரிடம், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார். மூட்டு வலி என்றேன். பொய் ஒன்றோடு நிற்குமா?

மார்ச் 28, வெள்ளி

அடுத்த ஜோடியின் முட்டைகள் பொரிந்துவிட்டன. மூன்று. அவர் சின்னப் பையன் மாதிரி படியேறி இறங்குகிறார். தாய் ஊட்டுகிற வரை பயமில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் இவர் கையில் எடுப்பார். அதற்குள் அந்தப் பல்லைப் பிடுங்க வைத்துவிட்டால்? சிரிஞ்சுக்கு மாற்றிவிட்டால்? சொல்லாமலே முடித்துவிடலாமே.

ஏப்ரல் 6

பல் டாக்டரிடம் போகலாம் என்று மூன்றாம் முறை கேட்டேன். "என் பல்லு மேல உனக்கு என்ன திடீர்க் காதல்?" என்றார். மருந்துக் கடையில் புது சிரிஞ்சு வாங்கி வந்து வைத்தேன். அதில் கூண்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

துணி காயப்போட மாடிக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கடைசிக் குஞ்சு, இருக்கிறதிலேயே சின்னது, அவர் கையில். கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய மாவு.

"துப்புங்க!"

வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். எத்தனை நாள் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "உங்க வாய்தான்! அந்தச் சொத்தைப் பல்லுதான்! நாலையும் நீங்கதான் கொன்னீங்க, நான் இல்ல! கடையும் இல்ல, மருந்தும் இல்ல, துப்புங்க முதல்ல!"

துப்பினார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

இப்படியா சொல்லணும்? இப்படியா சொல்லுவாங்க ஒரு மனுஷன்கிட்ட?

ஏப்ரல் 15

அவர் சாப்பிடவில்லை. மாடிக்கும் போகவில்லை. குஞ்சுகள் பசியில் கத்தின. நானே சிரிஞ்சை எடுத்தேன். பாதி அதன் வயிற்றில், பாதி என் மடியில்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் சொல்லாமல் வெளியே போனார். மத்தியானம் வாயில் பஞ்சோடு, ஒரு பக்கம் வீங்கி வந்தார். கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டு, பஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்: "அப்புறம் எதுக்கு நீ கடைய விட்டே?"

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அவரே எடுத்தார். நான் அடுக்களையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"நான்தான்மா. என் வாய்தான்... இல்ல, அது இருக்கட்டும். தெரியாம செஞ்சது, அழுதுட்டுப் போறேன். உங்கம்மா 'என்னாலதான்'னு ஒரு வார்த்தை சொன்னா. உடனே நம்பிட்டேன் பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

மே 6, செவ்வாய்

காலையில் அந்தச் சின்னது செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. இறக்கையில் மஞ்சள் வந்துவிட்டது. இதற்கும் அதே சிரிஞ்சு, அதே மாவு, ஊட்டினது நான்தான்.

என் கையா? சூடு அதிகமாகிவிட்டதா? அவரைக் கூப்பிடவே பயமாக இருந்தது. வந்தார், பார்த்தார். "ஏன்" என்று கேட்கவில்லை. ஒரு துணியில் சுற்றி, "டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருமே போவோம் வா" என்றார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கிருமி இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. சிலது இப்படித்தான், காரணம் தெரியாது."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "தெரியாதுன்னா என்ன அர்த்தம்?" என்றார்.

"தெரியாதுன்னுதான் அர்த்தம்."

"உன்னால இல்ல."

கேள்வியாகக் கேட்டாரா, சொன்னாரா, விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சொல்லித்தான் இருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

இறங்குகிற இடம் வந்தபோது எனக்கு முன்னால் எழுந்து வழி விட்டார். "கடைக்காரருக்குப் போன் போட்டேன். நாளைக்கு வரச் சொல்றார். நீ போயிட்டு வா, மத்த ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."