ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

டிக்னிஷ், பிரின்ஸ் எட்வர்ட் தீவு
22 செப்டம்பர் 2008

அன்புத் தங்கை இவெட்டுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தான் அல்சீடும் சுகம். மின்னஞ்சலில் கேட்டால் இரண்டு வரியில் தப்பித்துக்கொள்கிறாய், அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

நீ என்னைத் தள்ளிவிட்ட இணைய வகுப்பு எனக்குப் பிடிபடவில்லை. பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருமே "எங்களைப் பார்க்காதீர்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிவிட்டார்கள். இதற்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் எழுதுவதைப் படித்துக் கண் எரிகிறது.

கல்வி வாரியம் விட்டபாடில்லை. ஜனவரியிலிருந்து தீவின் சின்னப் பள்ளிகளுக்கெல்லாம் நான் கணினி வழியே கணக்கு நடத்த வேண்டுமாம். முடியாதென்றால் கிறிஸ்துமஸோடு ஓய்வு. அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இவெட், எனக்கு வீட்டில் உட்காரப் பிடிக்காது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று போய் நிற்கவும் மாட்டேன்.

வகுப்பில் சொன்னபடி எனக்கென்று ஒரு வலைப்பதிவு திறந்தேன். அது ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் கொடுத்தேன். அதில் ஒரே கேள்வி எழுதினேன்: "முகம் தெரியாத பிள்ளைக்குப் புரியவில்லை என்பதை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வது?" இதுவரை ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்புடன்,
ரொசெல்லா


வின்னிப்பெக்
1 அக்டோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாவற்றையும் யார் உன்னைப் படிக்கச் சொன்னது? தேவாலய வாசலில் ஊரே நின்று பேசுகிறது, நீ ஒவ்வொருவர் பேச்சையுமா கேட்கிறாய்? வேண்டியவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வாய். இங்கேயும் அவ்வளவுதான். நான் நூலகத்தில் மதிய இடைவேளையில் நாலைந்து பேருடையதைத்தான் படிக்கிறேன். அவர்கள் கைகாட்டும் இடத்துக்கு அடுத்த நாள் போகிறேன். இப்படியே வண்டி ஓடுகிறது.

உன் கேள்விக்கு என் பதிலைப் பின்னூட்டமாகப் போட்டிருக்கிறேன். கடிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது. எதிரே முகம் இல்லாததால் அங்கே எழுத வந்தது. படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்.

உன் தங்கை,
இவெட்


டிக்னிஷ்
10 அக்டோபர் 2008

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் தினமும் பார்க்கிறேன். எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை இவெட், ஆனால் எழுதாததை எழுதினேன் என்று சொல்லாதே.

அறுவடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லாம் உருளைக்கிழங்கு வயலில் இருக்கிறார்கள். மூடிய பள்ளியில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை பேரில் ஒருவரைக்கூட என் கேள்வி இழுக்கவில்லை. அப்புறம் கணினிக் கம்பி வழியே பத்து வயதுப் பிள்ளையை நான் எங்கே இழுக்கப் போகிறேன்? வாரியத்துக்கு முடியாது என்று எழுதிவிடப் போகிறேன். நன்றி கூறும் திருநாளுக்கு உனக்குப் பிடித்த ராப்பூர் பலகாரம் செய்கிறேன், கிழங்கு துருவி விரல் தேய்ந்துவிட்டது. நீ இல்லாமல் உன் பங்கையும் அத்தான்தான் தின்பார்.

ரொசெல்லா


வின்னிப்பெக்
17 அக்டோபர் 2008

அக்காவுக்கு,

நான் பொய் சொல்லவில்லை. என் பின்னூட்டத்துக்கு மேலே "பதிவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று இன்றைக்கும் இருக்கிறது. நீ படித்துவிட்டுத்தான் வெளியே விடாமல் வைத்திருக்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்தேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம்தான்.

இவெட்


டிக்னிஷ்
27 அக்டோபர் 2008

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். பக்கம் திறந்த அன்று, "பின்னூட்டங்களை நீங்கள் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டுமா?" என்று கேட்டது. ஆமாம் என்றிருக்கிறேன். வேறென்ன சொல்வேன்? என் வகுப்பில் நான் பார்க்காத தாள் சுவரில் ஏறியதில்லை. பார்க்க வேண்டிய இடம் வேறெங்கோ உள்ளே இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே பார்த்தால் ஒரு திருவிழாக் கூட்டமே காத்துக்கொண்டிருந்தது. சிலர் இரண்டாம் முறை எழுதி, என் உடம்புக்கு முடியவில்லையோ என்று விசாரித்திருந்தார்கள். அல்சீட் சிரித்த சிரிப்பு துறைமுகம் வரை கேட்டிருக்கும். "படகு ரேடியோல கேள்விய கேட்டுட்டு பொத்தான விடாம அமுக்கிட்டே இருந்திருக்க. அத விட்டாத்தான பதில் கேக்கும்? அப்புறம் கடல்ல யாருமே இல்லன்னு அழுதிருக்க," என்கிறார். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

ஒவ்வொன்றாக வெளியே விட்டேன். நைரோபியில் ஒரு கணக்கு டீச்சர், கணக்கைத் தப்பாகப் போட்டு அனுப்பிப் பிள்ளைகளைத் திருத்தச் சொல்வாராம். டாஸ்மேனியாவிலிருந்து ஒருவர் அது நடக்காது என்கிறார். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள், வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் அந்த இரண்டு ஆசிரியர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

உன்னுடையதைக் கடைசியில் படித்தேன். "உன் வகுப்புல உக்காந்திருந்தப்போ புரிஞ்சுதான்னு நீ கேட்டா புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவேன். அக்கா வருத்தப்படக் கூடாதுன்னு. அப்புறம் பென்சில் சீவ எழுந்து போவேன். நீ போர்டுல எழுதிட்டே, திரும்பாமலே, கணக்க வேற மாதிரி சொல்ல ஆரம்பிப்ப. என் முகத்த நீ எப்பவும் பாத்ததில்லக்கா. பென்சில் சீவுற சத்தத்ததான் கேட்ட."

படித்துவிட்டு அழுதேன் இவெட். அப்படிச் செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது. கம்பிக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் ஏதாவது ஒரு பென்சிலைச் சீவத்தானே செய்வார்கள்? அது என்ன சத்தம் என்று தெரிந்துகொண்டால் போதும். நைரோபிக்காரியிடம் கேட்டிருக்கிறேன். வாரியத்துக்குச் சரி என்று எழுதி, இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன்.

மற்ற எல்லோருடையதும் இப்போது வெளியே இருக்கிறது. உன்னுடையதற்கு மட்டும் ஒப்புதல் கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அது அங்கேயே காத்துக்கொண்டிருக்கட்டும். தினமும் காலையில் வகுப்பு தொடங்கும் முன் நான் மட்டும் போய்ப் படித்துக்கொள்வேன்.

முத்தங்களுடன்,
உன் அக்கா ரொசெல்லா