தொடாமல் சொன்ன ‘இருக்கு’

இன்று காலை எதிர்வீட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டான். அழுகிய வெள்ளைப்பூண்டு போன்ற அந்த வாடை தெருவைத் தாண்டி என் மூக்கில் ஏறியது. வாடை வந்ததும் நீரும் வந்துவிட்டீர். செத்து ஒரு வருஷமாகியும் கூப்பிடாமல் வருகிற பழக்கம் உம்மை விட்டுப் போகவில்லை.

வந்ததும் நல்லதாகப் போயிற்று. எனக்கு உம்மிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உமக்குத் தெரியாத செய்தியையும் முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத வந்துவிட்டது. போதகரின் மனைவி மத்தியான வேளையில் வேதக்கோயில் வேப்பமரத்தடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். முதலில் பலகை, பிறகு காகிதம். பைய எழுதுகிறேன். ஒரு வரி முடிந்தால் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“யாருக்கு எழுதணும்னு இவ்வளவு அவசரமாப் படிக்கீங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஒரு எதிரிக்கும்மா” என்றேன்.

“மகனுக்கு எழுதுதவங்களைப் பார்த்திருக்கேன். எதிரிக்கு எழுதப் படிக்கிறவரை இப்பத்தான் பார்க்கேன்.”

அவருக்கு என்ன தெரியும்? மகனிடம் வாயால் சொல்லிவிடலாம். உம்மிடம் வாயால் ஜெயிக்க இந்த ஜில்லாவில் யாராலும் முடிந்ததில்லை.

டாக்டர் ஐயாவுக்கு மெட்ராஸிலிருந்து மோட்டார் சைக்கிள் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன். பாளையங்கோட்டையே ரயிலடிக்கு வந்து நின்றது. பக்கத்தில் பிரம்புத் தொட்டில் வைத்த வண்டி. தொட்டிலில் டாக்டர் ஐயா மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர் ஓட்ட வேண்டும். நான் அவருடைய குதிரை வண்டிக்காரன். நீர் பஞ்சாலையில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். வண்டி ஓட்ட என்னையும் அதைப் பராமரிக்க உம்மையும் டாக்டர் ஐயா வைத்துக்கொண்டார். என்னைவிட நீர் கொஞ்சம் மூத்தவர் என்பதால் உம்மை அண்ணாச்சி என்று அழைத்தேன். அப்போது மனப்பூர்வமாகத்தான் அழைத்தேன்.

தினமும் காலையில் கஞ்சி குடித்ததும் வண்டியைப் பார்க்கும் முறை ஒன்றை டாக்டர் ஐயா நமக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொரு பாகத்தின் பேரையும் கேட்க வேண்டும். மற்றவர் குத்தவைத்து, அதைக் கையால் தொட்டுப் பார்த்து, ‘இருக்கு’ என்று சொல்ல வேண்டும். நான் கேட்பேன், நீர் தொடுவீர். பின் சக்கரத்தைச் சுழற்றுகிற தோல் வாரிலிருந்து தொடங்குவோம்.

“வார்?”

“இருக்கு.”

“வார்க் கொக்கி?”

“இருக்கு.”

“எண்ணெய்ப் பம்பு?”

“இருக்கு லே. நேத்தே ரொப்பியாச்சு.”

“நேத்து ரொப்புனதைக் கேக்கல அண்ணாச்சி. இப்ப இருக்கான்னு கேக்கேன்.”

“தொட்டுட்டுத்தாம்லே சொல்லுதேன். கை தொடாததை வாய் சொல்லப்படாது.”

இது நீர் சொன்னது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தீர். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

சக்கரக் கம்பிகளை ஸ்பானரின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுவீர். இறுகிய கம்பி கணீரென்று பேசும். தளர்ந்த கம்பி மட்டும் சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். டயரைக் கட்டைவிரலால் அமுக்குவீர். தொட்டிலைப் பிணைத்திருக்கும் ஆணிகளைத் திருகிப் பார்ப்பீர். கார்பைடு விளக்கில் கல்லும் தண்ணீரும் போதுமா என்று பார்ப்பீர். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கடைசியாகப் பிரேக் கட்டைக்கு வருவீர். தோல் வைத்துத் தைத்த அந்தக் கட்டை பின் சக்கரத்தின் உட்பக்கம் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் தோல் தூளும் எண்ணெயும் சேர்ந்த கரி விரலில் ஒட்டாமல் இராது. அந்த விரலோடு எழுந்து வந்து, என் வெள்ளைத் தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் காதோரம் ஒரு பொட்டு வைத்துவிடுவீர்.

“என்ன அண்ணாச்சி இது, தினமும்?”

“திருஷ்டிப் பொட்டு லே. மோட்டார் ஓட்டுத பயல்னு ஊரே கண்ணு வைக்குது.”

“ஞானஸ்நானம் வாங்குன வேதக்காரனுக்கு ஏது அண்ணாச்சி திருஷ்டி?”

“கண்ணு வைக்கிறவன் வேதக்காரன் இல்லையே!”

சொல்லிவிட்டு நீரே சிரிப்பீர். சாயங்காலம் தலைப்பாகையைத் துவைக்கிற என் மனைவிதான் உம்மைத் திட்டித் தீர்ப்பாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். டாக்டர் ஐயா முந்தின நாளே ரயிலில் சேரன்மகாதேவிக்குப் போய்விட்டார். நான் வெறும் தொட்டிலோடு போய் அவரை அழைத்துவர வேண்டும். வீட்டு வாசலில் உம்மைத் தேடி ஜவுளிக்காரர் ஒருவர் வந்திருந்தார். உம் மகள் கல்யாணத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். நீர் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்திருந்தாலும் முகம் சேலைப் பக்கம் இருந்தது. “பிரேக் கட்டை?” என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள் ‘இருக்கு’ வந்துவிட்டது. தலைப்பாகையைச் சரிசெய்து என்னை அனுப்பிவைத்தீர்.

சேரன்மகாதேவியில் ஆற்றுக்கு இறங்குகிற சரிவு உமக்குத் தெரியும். கீழே வைக்கோல் ஏற்றிய வண்டிகள் வழியை அடைத்து நின்றன. பிரேக்கை மிதித்தேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை. ஹாரனை அமுக்கினேன். வண்டிக்காரர்கள் மாட்டை ஓரங்கட்டுவதற்குப் பதில் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். மாடுகள் மேல் ஏறாமலிருக்க வயலுக்குள் திருப்பினேன். வண்டி வரப்பில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. நாற்றங்காலுக்கு மேலே பறந்துபோய் வாய்க்கால் கரைக் கல்லில் விழுந்தேன். வலது முழங்கால் அன்று போனது.

டாக்டர் ஐயாவே எலும்பைச் சேர்த்துக் கட்டினார். அவர் உம்மைக் கேட்டபோது நான் அடுத்த அறையில்தான் படுத்திருந்தேன். கதவும் திறந்துதான் இருந்தது.

“பிரேக்கைப் பார்த்தீரா?”

“பார்க்காம அனுப்புவேனா ஐயா? தொட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். சரிவுல பைய இறங்கணும். இவன் பறந்திருக்கான்.”

‘பறந்திருக்கான்’. நீர் சொன்ன அந்த ஒரு சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. கட்டுப் பிரித்துக் கம்பூன்றித் தெருவில் இறங்கிய முதல் நாளே, “ஏலே, பறந்தான் வாரான், வழிய விடுங்கலே” என்றார்கள். என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பறந்தான் வீடு என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடப் பறந்தான் பேத்தி இவள்தானா என்று கேட்டார்கள். என் வேலை உமக்குப் போனது. என் கால் போனது. அவை இரண்டையும்கூட விட்டுவிடுவேன். என் பெயரை எடுத்துக்கொண்டீர். அதை விடவே மாட்டேன்.

நீர் தொடவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர். கண்டுபிடித்தவள் என் மனைவி. விழுந்த அன்றைய துணிகளை ஆற்றுக்கு எடுத்துப்போகும் முன் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றாள்.

“தினம் காதுப் பக்கம் கரியா இருக்கும். இன்னைக்குச் சேறு இருக்கு, ரத்தம் இருக்கு. கரியைக் காணோமே?”

அவள் சும்மா கேட்டாள். எனக்கு முழங்கால் வலி அந்த நிமிஷம் மறந்தது. நீர் தலைப்பாகையைத் தொட்டீர். உம் விரல் சுத்தமாக இருந்தது.

அன்றைக்கு நிறுத்தினேன், அண்ணாச்சி என்ற சொல்லை. அதன் பிறகு நீர் எனக்கு ‘வே’ மட்டும்தான். கோயிலில் என் இடத்தை மாற்றிக்கொண்டு உமக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். மன்னிப்பைப் பற்றிப் போதகர் பேசும்போதெல்லாம் உம் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். உமக்குப் பிடரி அரிக்கும். கையை வைத்துத் தேய்ப்பீர். வாரத்துக்கு ஒருமுறை அந்த ஆறுதல் எனக்குக் கிடைத்தது. உம் மகள் கல்யாணத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், பாயசம் நன்றாக இல்லை என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இதெல்லாம் போதாது. ஊர் கேட்கும்படி நீர் ‘நான் தொடவில்லை’ என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வேலை போன பிறகு சேரன்மகாதேவிச் சந்தையில் மாட்டு வண்டிகளுக்கு அச்சில் பூசுகிற மை, கயிறு, தோல் விற்று உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய சமயம். ஒரு சந்தை நாளில் உம் மோட்டார் என் கடைக்கு முன்னால் வந்து செத்து நின்றது. வார் அறுந்துவிட்டது. தோல் இருந்த கடை என்னுடையது ஒன்றுதான். தொட்டிலில் டாக்டர் ஐயா உட்கார்ந்திருந்தார். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

வாரைத் தைத்துக் கொக்கி போட்டுக் கொடுத்தேன். டாக்டர் ஐயா சொன்னார்: “பழையபடி ரெண்டு பேருமா ஒரு தடவை பார்த்திருங்க.” நான் கால் வலியோடு குத்தவைத்தேன். இந்தத் தடவை நீர் நின்று கேட்டீர். சந்தையே வேடிக்கை பார்க்கக் கூடியது. வாரும் பம்பும் டயரும் ஒழுங்காக வந்தன. பிறகு பிரேக் கட்டைக்குக் கை வைத்தேன். தேய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது.

“பிரேக் கட்டை?”

நான் கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தேன்.

“ஏலே, பிரேக் கட்டை?”

“நீரே வந்து தொட்டுச் சொல்லும் வே.”

டாக்டர் ஐயா உம் முகத்தைப் பார்த்தார். நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் குத்தவைத்து, கையை உள்ளே விட்டீர்.

“தேஞ்சிருக்கு” என்றீர்.

எத்தனை காலம் காத்திருந்த கேள்வி! சந்தைக்கே கேட்கும்படி கேட்டேன்: “அன்னைக்கும் தேஞ்சுதானே வே இருந்துச்சு?”

நீர் கரி விரலைப் பார்த்தீர். என்னைப் பார்த்தீர். உம் உதடு அசைந்தது. இதோ சொல்லப்போகிறீர் என்று நினைத்தேன்.

“அது வேற கட்டை லே” என்றீர்.

சந்தை முழுக்கச் சிரித்தது. கருவாட்டுக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். டாக்டர் ஐயாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குள் நீர் கையை நீட்டி, என் காதோரம் அந்தக் கரியால் ஒரு பொட்டு வைத்தீர். அதைச் செய்தபோது நீர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பொட்டுதான் உம் ஒப்புதல் என்று என் மனைவி இன்றுவரை வாதாடுகிறாள். “வாயால சொல்ல வெக்கம், கையால சொல்லிட்டாரு” என்கிறாள். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்லைச் சொல்லால்தான் எடுக்க வேண்டும். பறந்தான் என்று ஊரே பேசும்படி சொன்னவர், என் காதோரத்துக்கு மட்டும் எதையோ சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

எருமைத் தோலை மடித்துத் தைத்துப் புதுக் கட்டை போட்டு உம்மை அனுப்பினேன். அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள் என்று கேள்வி. அவர்களுக்காகவும் டாக்டர் ஐயாவுக்காகவும் செய்தேன் என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. பாதி உண்மை. மீதியை உமக்குச் சொல்கிறேன். நீர் உயிரோடு இருந்தால்தானே உம்மை ஒப்புக்கொள்ள வைக்க முடியும்? அதற்காகத்தான் மற்றவர்களுக்குப் போடுவதைவிட இரண்டு தையல் கூடப் போட்டேன்.

அப்படிக் காப்பாற்றி வைத்த உயிரைப் போன வருஷத்துக் காய்ச்சலில் நீர் பாட்டுக்கு விட்டுவிட்டுப் போய்விட்டீர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தி வந்தபோது ஆத்திரத்தில் கடையில் இருந்த மைப் பானையை உடைத்தேன். உம் வீட்டுக்கு வந்து உம் காலடியில் நின்றேன். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஏமாற்றப்பட்டவன் அழ மாட்டானா?

உம்மிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருக்கிறது. வாடகை மாட்டு வண்டியில் ஏறினாலும் சக்கரத்தைச் சுற்றி வந்து, கடையாணியைத் தொட்டு, எனக்கு நானே ‘இருக்கு’ என்று சொல்லாமல் ஏறுவதில்லை. சின்னப் பேத்தி ஊஞ்சலாடும் கயிற்றையும் தொட்டுப் பார்த்துத்தான் அவளை ஏற்றுகிறேன். அதற்காக உமக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்.

இப்போது வேலைக்கு வருகிறேன். நீர் சொல்லாமல் விட்டதை உம் வாயாகவே எழுதப் போகிறேன். இந்தக் காகிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று நானே வாசிக்கப் போகிறேன். போதகரின் மனைவி வேண்டாம் என்கிறார். வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரமாகும், எல்லாரும் நின்று கேட்கட்டும்.

‘அன்றைக்குப் பிரேக் கட்டையை நான் தொடவில்லை. தொடாமலே இருக்கு என்று சொன்னேன். அவன் பறக்கவில்லை. பழியை அவன்மேல் போட்டேன்.’

எழுதி முடித்துவிட்டேன். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். இதற்கும் உம்மிடம் ஒரு பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தால் சொல்லும் வே. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.