அவருடைய இன்னொரு இதயம்

மார்ச் 4, செவ்வாய்
என் வீட்டுக்காரர் இன்று என் கண் முன்னால் செத்துப்போனார். செத்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேன்டீன் திறந்திருக்குமா என்று கேட்டார்.

போன வருஷத்து மாரடைப்பு அவர் இதயத்தில் ஒரு தழும்பை விட்டுப்போயிருக்கிறது. ஸ்கேனை வைத்து, தழும்போடு சேர்த்து, அதே இதயத்தைக் கம்ப்யூட்டருக்குள் செய்திருக்கிறார்கள். அதில் அங்கங்கே மின்சாரத்தால் தொட்டு, துடிப்பு எங்கே தடம் புரள்கிறது என்று பார்ப்பார்களாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தழும்போரத்தில் தொட்டாள். துடிப்புக்குத் துடிப்பு திரையில் ஒழுங்காகப் பரவிக்கொண்டிருந்த வண்ணம் தழும்பைச் சுற்றிச் சுழன்று, கலைந்து, இதயம் துடிக்காமல் வெறுமே நடுங்கியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் முழுசாகப் பார்த்தேன்.

நெஞ்சில் ஒரு கருவி வைக்கச் சொல்கிறார் டாக்டர். துடிப்பு கெட்டால் அதுவே ஷாக் கொடுத்து மீட்குமாம். ஆனால் இவர் கிரேன் ஓட்டுகிறவர்; கருவி வைத்தவர்களைக் கம்பெனி கிரேனில் ஏற்றாது. "அப்போ வேணாம் டாக்டர்" என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 6
சட்டைப் பட்டன் போடுகிறார் — அந்த வண்ணம் சுழல்கிறது. சாப்பிடும்போதும். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

மார்ச் 9
சண்டை. "செத்தது கம்ப்யூட்டர்ல. நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்" என்றார். குத்துக்கல்லுக்குத் தழும்பு கிடையாது என்றேன். சிரிக்கிறார் மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழேயிருந்து பார்த்தால் கிரேன் கூண்டு தீப்பெட்டி அளவுதான். அங்கே அந்த நடுக்கம் வந்தால் யார் ஏறி இறக்குவது? கொக்கியில் தொங்குகிற பாரம், அதற்குக் கீழே நிற்கிற ஆட்கள் — ஐயோ, எழுதக் கை வரவில்லை.

மார்ச் 10
பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 13
குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிட்டேன். ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேலிகூடச் செய்யவில்லை.

மார்ச் 17
வேலை முடிந்து நேரம் கழித்து வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் மறுபடி போட்டுக் காட்டச் சொல்லி, கடைசிவரை பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் நீ என்னைப் பாக்கறப்போ என்னைப் பாக்கலை. நீ எதைத்தான் பாக்கறேன்னு தெரிஞ்சுக்கணும்னு போனேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 21
கிரேன் சாவியை ஒப்படைத்துவிட்டார். திங்கட்கிழமை கருவி வைக்கிறார்கள். காலையிலிருந்து நெஞ்சில் கை வைத்து வைத்துப் பார்க்கிறார். நான் பார்த்தால் எடுத்துவிடுகிறார். பாவமாக இருக்கிறது. இத்தனை நாளும் நான் ஒருத்தியே பயந்துகொண்டிருந்தேன். இன்று மத்தியானம் படுத்ததும் தூங்கிவிட்டேன்.