கறையில்லாத இடத்திலும் அதே கோடுகள்

செங்கம் சாலை, திருவண்ணாமலை
12 நவம்பர் 2025

பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் ஜீனத் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்திற்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கைபேசியில் சொல்ல முயன்றேன்; தங்கள் குரல் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

சூரியன்மேல் கரும்புள்ளியாகத் தெரிந்த அந்தச் சிறிய கறையில் டைட்டேனியம் ஆக்சைடு இருப்பதாக நாம் எழுதியது தவறு. சூரியனின் கொதிப்பில் அந்த மூலக்கூறு சிதைந்துவிடும். குளிர்ந்த விண்மீன்களிலும், சூரியனில் சற்றே குளிர்ந்திருக்கும் பெரிய கறைகளிலும்தான் நிலைத்து, நிறமாலையின் சிவப்பில் தன் கோடுகளைப் பதிக்கும். சிறிய கறையிலும் அவற்றைக் கண்டோம் என்பதே தங்கள் ஆய்வேட்டின் உயிர். நான் கண்டவையோ நம் வானத்து நீராவியின் கோடுகள்.

புரட்டாசிப் பௌர்ணமியன்று, முதல்நாள் மழை ஓய்ந்த ஈரத்தில், மொட்டைமாடிக் கருவியில் கறையைப் பதிவு செய்தேன். உடனே கறையில்லாத பகுதியையும் எடுத்திருக்க வேண்டும். கிரிவலத்திற்கு வந்தவர்கள் என் விடுதி வாசலில் நின்று, "ரூம் இருக்குதாம்மா?" என்று குரல் கொடுத்தார்கள். இறங்கி வந்தேன். மீண்டும் ஏறியபோது மேகம் மூடிவிட்டது. கோடையின் வறண்ட வெயிலில் எடுத்து வைத்திருந்த, நீராவிக் கோடுகள் தெரியாத பழைய பதிவை ஒப்பீட்டுக்குச் சேர்த்தேன். "ரெண்டும் ஒரே நாள் எடுத்ததுதானேக்கா?" என்று தாங்கள் கேட்டபோது, "ஆம்" என்றேன்.

சென்ற வாரம் மழைக்குப் பின் கறையே இல்லாத பகுதியைப் பதிந்தேன். அதே கோடுகள் அங்கும் நின்றன. விடுதியில் எனக்கு உதவும் சரசு எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, சூரியனுக்கு சோப்பு போட்டும் கறை போவலியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் மன்னிப்பை வேண்டும்,
ஆ. உண்ணாமலை

*

சென்னை
17 நவம்பர் 2025

அன்புள்ள உண்ணாமலை அக்கா,

எனக்குப் போய் "தாங்கள்" போட்டிருந்தீர்களே, அப்போதே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கோபமில்லை என்று எழுதினால் பொய். அம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்கு ரோஷம் ஜாஸ்தி, பொறுமை கம்மிடி" என்று சிரித்தவர், நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டேன். "ஒப்பீட்டுப் பதிவை யாரும்மா எடுத்தது?" என்று என் வழிகாட்டி கேட்டார். "நான்தான் சார், தேதிய கவனிக்கல" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால், பட்டமில்லாதவரின் மொட்டைமாடி வேலை என்று உங்களுடைய நல்ல பதிவுகளையும் ஒதுக்கிவிடுவார். இனிமேல் தொலைநோக்கியை நான் தனியாகத் தொடக் கூடாதாம்.

விடுங்கள் அக்கா. இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

அன்புடன்,
ஜீனத்

*

செங்கம் சாலை, திருவண்ணாமலை
21 நவம்பர் 2025

அன்புள்ள ஜீனத்,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. அதை மடித்து வைக்கவும் முடியவில்லை, மீண்டும் படிக்கவும் முடியவில்லை.

படிக்காதவள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அகந்தையில்தான் அன்று "ஆம்" என்றேன். படிக்காதவள் என்ற அந்தச் சொல் என்மீது விழாமலிருக்க, நீ உன் பெயரைக் கெடுத்துக் கொண்டாய். நான் உண்மையைச் சொன்னால் நீ உன் வழிகாட்டியிடம் பொய்யுரைத்தது வெளிப்படும். சொல்லாவிட்டால், கவனமற்றவள் என்ற பெயர் உன்னைவிட்டுப் போகாது. ஆகவே அவரிடம் முதலில் நீ சொல். பக்கத்து நாற்காலியில் அமர்ந்து மீதியை நான் சொல்கிறேன். என் பதிவுகள் அனைத்தையும் அவர் ஒதுக்கினாலும் ஒதுக்கட்டும்.

பட்டம் பெற்றவர்கள் முன் கூசி நிற்க நேருமோ என்று இதுவரை எந்தப் பல்கலைக்கழகத்திற்குள்ளும் நான் காலடி வைத்ததில்லை. இப்போது வருகிறேன். தீபத்திற்கு அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. "இந்தக் கூட்டத்துல என்ன வுட்டுட்டு மெட்ராஸ் போறியாக்கா? நல்லா கீது!" என்று சரசு திட்டுகிறாள், ஆனாலும் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக் கொண்டாள்.

உனக்குத் தெரியாமல் இன்னொன்றைச் செய்ய மாட்டேன். அவரைச் சந்திக்க என்றைக்கு வரட்டும்? உடனே பதில் எழுது.

உண்ணாமலை