பொம்மை பஸ்ஸுக்கு ஒரு குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாளெல்லாம் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிக்கும் உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அறிவியல் காட்சிக்கூடத்தில் கலைச்சொற்களை விளக்கும் என் வேலைக்கு நேற்றுதான் உயிர் வந்தது. இந்த ஊரில் அபூர்வமாக நம் மொழி பேசும் பிள்ளைகள் வந்தார்கள். 'நிலைமம்' என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். கொட்டாவி விட்டார்கள். உடனே அங்கே காட்சிக்கு வைத்திருந்த பொம்மை பஸ்ஸை வேகமாகத் தள்ளிச் சட்டென்று நிறுத்தினேன். உள்ளே நின்ற பொம்மைகள் முன்பக்கம் குப்புற விழுந்தன. என்னை அறியாமல் உங்களைப் போலவே கத்தினேன்: "கம்பியப் புடிச்சுக்கங்கய்யா, வண்டி நின்னாலும் நீங்க நிக்க மாட்டீங்க."

கூடமே சிரித்தது. ஒரு சிறுமி, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றாள். அப்போதிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொத்தானை அழுத்தினால் பொம்மை பஸ் அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அது உங்கள் குரலாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பியிடம் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள். முதலில் விசில் ஊதுங்கள். கடைசியில் "சாப்டியாம்மா?" என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அது பஸ்ஸுக்கு இல்லை.

காட்சிக்கூடத்தின் கதவைத் திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்